‘ஆம்னி பஸ்’ முதல் ‘ஆட்கொணர்வு மனு’ வரை: ‘செத்த மொழி’ லத்தீன் நம்ம வாயில் புழங்குவது எப்படி?

வெள்ளிக்கிழமை ராத்திரி. கிளாம்பாக்கத்தில் சொந்த ஊருக்குப் போகும் கூட்டம் அலைமோதுகிறது. “மதுரைக்கு ஆம்னி பஸ் ஏதாவது கிடைக்குமா?” என்று ஒருவர் போனில் கேட்கிறார். “வால்வோவில் ஒரு சீட் இருக்கு சார். வயா திருச்சி. 10 பி.எம்.க்கு எடுத்துடுவாங்க. ஆப்ல போட்டா 5 பர்சன்ட் குறையும்” என்று பதில் வருகிறது.

இந்த ரெண்டு வரிப் பேச்சில் குறைந்தது ஐந்து லத்தீன் சொற்கள் இருக்கின்றன. ‘வயா’ என்றால் லத்தீனில் சாலை, வழி. ‘பி.எம்.’ என்பது ‘போஸ்ட் மெரிடியம்’, அதாவது உச்சிப்பொழுதுக்குப் பிறகு. ‘பர்சன்ட்’ என்பது ‘பெர் சென்டும்’, நூற்றுக்கு இவ்வளவு. ‘வால்வோ’ என்ற கம்பெனிப் பெயருக்கே ‘நான் உருள்கிறேன்’ என்பதுதான் பொருள். ஐந்தாவது, ‘ஆம்னி பஸ்’.

இன்று யாருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழி மதுரை பஸ் வரைக்கும் வந்து சேர்ந்தது எப்படி? அதே மொழி டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டிலும் கோர்ட் உத்தரவிலும் உட்கார்ந்துகொண்டு சில நேரம் நம்மைத் தடுமாற வைப்பது ஏன்?

தலையை வெட்டி, வாலை வைத்துக்கொண்ட பஸ்

1820-களில் பிரான்ஸில் ஒரு புது வண்டி ஓட ஆரம்பித்தது. குதிரை இழுக்கும் பெரிய வண்டி. பணக்காரர் மட்டுமல்ல, காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறலாம். அதற்கு ‘ஆம்னிபஸ்’ என்று பெயர் வந்தது. லத்தீனில் ‘ஆம்னிஸ்’ என்றால் எல்லாம். ‘ஆம்னிபுஸ்’ என்றால் ‘எல்லோருக்கும்’. 1828-ல் பாரிஸிலும், அடுத்த ஆண்டே லண்டனிலும் இந்தச் சேவை தொடங்கியது.

பிறகு ஆங்கிலேயர்கள் பெயரைச் சுருக்கினார்கள். முன்பாதியை வெட்டிவிட்டு ‘பஸ்’ என்ற கடைசித் துண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். லத்தீனில் அந்தத் துண்டுக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. அது வெறும் வேற்றுமை உருபு. ‘எல்லோருக்கும் வண்டி’ என்பதைச் சுருக்கி ‘உக்கும் வந்துடுச்சு, ஏறு’ என்று நாம் சொன்னால் எப்படி இருக்கும்? உலகம் முழுக்க இன்று அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு வேடிக்கை. வெட்டுப்பட்ட தலையை நாம் மறுபடி ஒட்டவைத்து, அதையும் தனியார் சொகுசுப் பேருந்துக்கு மட்டும் பெயராக்கிவிட்டோம். எல்லோருக்குமான வண்டி என்று பொருள்படும் அந்த ‘ஆம்னி’யில் தீபாவளி நேரத்து டிக்கெட் விலையைக் கேட்டால்தான் தலை சுற்றுகிறது.

லத்தீன் உண்மையிலேயே செத்துவிட்டதா?

இத்தாலியின் நடுப்பகுதியில், ரோம் நகரைச் சுற்றி இருந்த லாட்டியம் என்ற சின்னப் பகுதியின் பேச்சுமொழிதான் லத்தீன். ரோமின் படை போன இடமெல்லாம் மொழியும் போனது. வரி, சாலை, சட்டம், சந்தை எல்லாம் லத்தீனில் நடந்தன. இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்ஸ், ருமேனியா பகுதி மக்கள் மெல்ல மெல்லத் தங்கள் பழைய மொழிகளை விட்டு லத்தீனுக்கு மாறினார்கள்.

ஆனால் அவர்கள் பேசியது புத்தக லத்தீன் அல்ல. படைவீரர்களும் வியாபாரிகளும் பேசிய கொச்சை லத்தீன். கி.பி. 476-ல் மேற்கு ரோமப் பேரரசு சரிந்த பிறகு ஒவ்வொரு வட்டாரத்துக் கொச்சையும் தனித்தனி வழியில் போனது. எழுதுகிறவர்கள் மட்டும் பழைய இலக்கணத்தையே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

813-ல் பிரான்ஸின் தூர் நகரில் கூடிய திருச்சபை மன்றம் ஒரு முடிவு எடுத்தது: பாதிரியார்கள் மக்களின் நாட்டுப்புற மொழியில் பிரசங்கம் செய்ய வேண்டும். கோயிலில் ஓதும் லத்தீன், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரியவில்லை என்பதை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்ட தருணம் அது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள், 842-ல், ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இரு அரச சகோதரர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட சத்தியம் மக்கள் மொழியிலேயே பதிவானது. பிரெஞ்சு மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றாக அது கருதப்படுகிறது.

ஆக, லத்தீனுக்குச் சாவுத் தேதி என்று ஒன்று இல்லை. அது இத்தாலியன், ஸ்பானிஷ், போர்த்துகீஸ், பிரெஞ்சு, ருமேனியன் என்று வேறு வேறு பெயர்களில் பேசப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இந்த மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும் 80 கோடிக்கும் மேல்.

ஆங்கிலத்துக்குள் வந்த மூன்று கதவுகள்

ஆங்கிலம் லத்தீனின் பிள்ளை இல்லை. அது ஜெர்மன், டச்சு மொழிகளின் உறவு. ஆனாலும் ஆங்கில அகராதியில் பாதிக்கும் மேற்பட்ட சொற்கள் நேரடியாகவோ பிரெஞ்சு வழியாகவோ லத்தீனிலிருந்து வந்தவை. அவை மூன்று கட்டங்களில் வந்தன.

முதல் கதவு, ரோமானியர்களுடனான வியாபாரமும் கிறிஸ்தவ சமயமும். ‘ஸ்ட்ரீட்’, ‘வைன்’, ‘சீஸ்’ போன்ற சொற்கள் அப்போதே நுழைந்தவை.

இரண்டாவது கதவு, 1066. நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனையும் கோர்ட்டும் பிரெஞ்சு பேசின, பதிவேடுகள் லத்தீனில் எழுதப்பட்டன. தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கு ‘கவ்’ என்ற உள்ளூர்ப் பெயர். அதே மாடு சமைக்கப்பட்டு மேசைக்கு வந்தால் ‘பீஃப்’ என்ற பிரெஞ்சுவழிப் பெயர். பன்றிக்கும் அப்படித்தான், தொழுவத்தில் ‘பிக்’, தட்டில் ‘போர்க்’. மேய்த்தவர் யார், சாப்பிட்டவர் யார் என்பது அகராதியிலேயே பதிவாகிவிட்டது.

மூன்றாவது கதவு, 15-ம் நூற்றாண்டுக்குப் பிந்தைய மறுமலர்ச்சிக் காலம். அறிஞர்கள் புத்தகங்களிலிருந்து லத்தீன் சொற்களை நேராக அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்கூலில் நாம் ஸ்பெல்லிங் தப்பு வாங்கியதற்கு இவர்களும் ஒரு காரணம். கடன் என்ற பொருள்தரும் ‘டெட்’ என்ற சொல்லில் உச்சரிக்காத ஒரு ‘பி’ நிற்கிறது அல்லவா? பழைய ஆங்கிலேயர்கள் அந்த எழுத்து இல்லாமல்தான் எழுதினார்கள். அதன் லத்தீன் மூலம் ‘டெபிட்டும்’ என்று காட்டுவதற்காக அறிஞர்கள் ‘பி’யைச் செருகினார்கள். ‘டவுட்’டில் இருக்கும் ஊமை ‘பி’யும் ‘ரெசீட்’டில் இருக்கும் ஊமை ‘பி’யும் இதே கைவரிசைதான்.

ஒரே லத்தீன் சொல் வேறு வேறு காலத்தில் வந்ததால் ஒரே வேரிலிருந்து பல சொற்கள் கிளைத்தன. விருந்தினரைத் தங்கவைக்கும் இடத்துக்கு லத்தீனில் ‘ஹாஸ்பிடாலே’ என்று பெயர். அதிலிருந்து வந்தவைதான் ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் மூன்றும். காலேஜ் நாட்களில் ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் ஹோட்டலுக்குப் போய், வயிறு கெட்டு ஹாஸ்பிடலில் படுத்தவர்கள், ஒரே சொல்லுக்குள்தான் சுற்றி வந்திருக்கிறார்கள்.

சாவி, அலமாரி, மேஸ்திரி: வீட்டுக்குள்ளே லத்தீன்

“நமக்கு லத்தீன் எல்லாம் இங்கிலீஷ் வழியாகத்தானே வந்திருக்கும்?” என்று தோன்றலாம். ஆங்கிலேயருக்கு முன்பே போர்த்துகீசியர்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் மொழி லத்தீனின் நேரடிப் பிள்ளை.

லத்தீனில் சாவிக்கு ‘கிளாவிஸ்’ என்று பெயர். அது இத்தாலியனில் ‘கியாவே’, பிரெஞ்சில் ‘கிளே’, ஸ்பானிஷில் ‘யாவே’, போர்த்துகீஸில் ‘ஷாவி’ என்று மாறியது. போர்த்துகீஸ் சொல் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கி ‘சாவி’ ஆனது. யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘திறப்பு’ என்ற தமிழ்ச்சொல்தான் புழங்குகிறது.

புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு ‘கான்க்ளேவ்’ என்று பெயர். சாவி போட்டுப் பூட்டக்கூடிய அறை என்பது அதன் பொருள். அதற்குள்ளும் அதே ‘கிளாவிஸ்’ இருக்கிறது.

இன்னும் இருக்கிறது. ‘மேசை’யின் மூலம் ‘மென்சா’. ‘அலமாரி’யின் மூலம் ‘அர்மாரியும்’. ‘ஜன்னல்’, ‘பாதிரி’, ‘ஆயா’ எல்லாமே இதே கப்பலில் வந்தவை.

எல்லாவற்றிலும் சுவாரசியமானது ‘மேஸ்திரி’. லத்தீனில் ‘மாகிஸ் = அதிகம்’. அதிலிருந்து ‘மாகிஸ்டர்’, அதாவது மேலே இருப்பவர், ஆசிரியர், தலைவர். போர்த்துகீஸில் அது ‘மெஸ்த்ரே’, தமிழில் ‘மேஸ்திரி’. ஆங்கிலத்தில் ‘மாஸ்டர்’, ‘மிஸ்டர்’, ‘மாஜிஸ்திரேட்’. கட்டட வேலை பார்க்கும் மேஸ்திரியும், டீக்கடை மாஸ்டரும், கோர்ட்டில் உட்கார்ந்திருக்கும் மாஜிஸ்திரேட்டும் ஒரே சொல்லின் வாரிசுகள்.

இதற்கு எதிர்ச்சொல் எது தெரியுமா? ‘மைனஸ் = குறைவு’. அதிலிருந்து ‘மினிஸ்டர்’, அதாவது கீழே இருந்து பணி செய்பவர், வேலையாள். இன்று யாருடைய காருக்கு சைரன் வைக்கிறார்கள் என்று யோசித்தால், சொல்லின் பொருள் எவ்வளவு தூரம் பயணம் போயிருக்கிறது என்பது புரியும்.

முருங்கை போன கதை

இது ஒருவழிப் பாதை இல்லை. தமிழும் லத்தீனுக்குள் போயிருக்கிறது. செடி கொடிகளுக்கு உலகம் முழுக்க ஒரே பெயர் வேண்டும் என்பதற்காக விஞ்ஞானிகள் லத்தீன் பெயர்களை வைத்தார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட தாவர நூலிலிருந்து இந்த முறை கணக்கிடப்படுகிறது.

முருங்கை மரத்தின் அறிவியல் பெயர் ‘மொரிங்கா ஒலிஃபெரா’. அந்த ‘மொரிங்கா’ நம்ம முருங்கைதான். மாமரம் ‘மாஞ்சிஃபெரா இண்டிகா’, அதாவது மாங்காய் காய்க்கும் இந்திய மரம். மாங்காய் போர்த்துகீஸில் ‘மங்கா’ ஆகி, அங்கிருந்து லத்தீனுக்குப் போனது. இன்று வெளிநாட்டு ஆர்கானிக் கடையில் ‘மொரிங்கா பவுடர்’ டப்பாவைப் பார்த்து வியக்கிறவர்கள், பாட்டி வீட்டு முருங்கைக்கீரையைத்தான் பார்க்கிறார்கள்.

தமிழை ஐரோப்பாவுக்கு விளக்கிய ஆரம்பகால நூல்களும் லத்தீனில்தான் எழுதப்பட்டன. சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு எழுதிய இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. இரண்டும் லத்தீனில்தான். படித்த ஐரோப்பியர் எந்த நாட்டில் இருந்தாலும் வாசிக்கக்கூடிய மொழி அப்போது அதுதான்.

ஆபீஸ் மெயிலில் ஒரு சுற்று

வேலைக்கு அனுப்பும் ‘சி.வி.’ என்பது ‘குரிக்குலும் வீட்டே’, வாழ்க்கையின் ஓட்டம். மீட்டிங் ‘அஜெண்டா’ என்றால் செய்யவேண்டியவை. ‘டேட்டா’ என்றால் கொடுக்கப்பட்டவை. ‘போனஸ்’ என்றால் நல்லது. ‘டிஜிட்டல்’ வந்தது விரல் என்ற பொருள்தரும் ‘டிஜிட்டஸ்’ என்ற சொல்லிலிருந்து. விரல் விட்டு எண்ணியதால் எண்ணுக்கே அந்தப் பெயர்.

‘ஃபோகஸ் பண்ணு’ என்று மேனேஜர் சொல்கிறாரே, அந்த ‘ஃபோகஸ்’ லத்தீனில் வீட்டு அடுப்பு. ஒளிக்கதிர்கள் குவிந்து எரிக்கும் புள்ளிக்குக் கணிதத்தில் அந்தப் பெயரைப் பயன்படுத்தியவர் கெப்ளர், 1604-ல்.

‘சேலரி’ பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு கதை உண்டு: ரோமப் படைவீரர்களுக்கு உப்பைத்தான் சம்பளமாகக் கொடுத்தார்கள் என்று. ‘சலாரியும்’ என்ற சொல்லுக்கும் உப்பு என்ற பொருள்தரும் ‘சால்’ என்ற சொல்லுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் சம்பளமாக உப்பு மூட்டையைக் கொடுத்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை.

மெயிலில் பலரும் மாற்றிப் போடும் இரண்டு சுருக்கங்களும் லத்தீன்தான். ‘ஈ.ஜி.’ என்பது ‘எக்ஸெம்ப்லி கிராட்டியா’, எடுத்துக்காட்டாக. ‘ஐ.இ.’ என்பது ‘இத் எஸ்ட்’, அதாவது. “சில ஃபைல்களை அனுப்புங்கள், எடுத்துக்காட்டாக இந்த மூன்று” என்பதற்கும் “ஃபைல்களை அனுப்புங்கள், அதாவது இந்த மூன்று” என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இது மாறினால் பணமே மாறும்.

மருந்துச் சீட்டு: இங்கேதான் கவனம் தேவை

இதுவரை பார்த்தது சுவாரசியம். இனி வருவது உடம்பு சம்பந்தப்பட்டது.

டாக்டர் சீட்டின் மேல் மூலையில் ‘ஆர்’ எழுத்தின் காலில் ஒரு குறுக்குக் கோடு போட்ட குறி இருக்கும். அது ‘ரெசிபே’, ‘எடுத்துக்கொள்’ என்ற லத்தீன் கட்டளையின் சுருக்கம். கீழே வரும் எழுத்துகளும் அப்படியே:

● ஓ.டி.: தினமும் ஒரு வேளை
● பி.டி.: ‘பிஸ் இன் டியே’, தினமும் இரண்டு வேளை
● டி.டி.எஸ்.: தினமும் மூன்று வேளை
● எச்.எஸ்.: ‘ஹோரா சோம்னி’, தூங்கும் நேரத்தில்
● ஏ.சி.: ‘ஆன்டே சிபும்’, சாப்பாட்டுக்கு முன்
● பி.சி.: ‘போஸ்ட் சிபும்’, சாப்பாட்டுக்குப் பின்
● எஸ்.ஓ.எஸ்.: ‘சி ஓபுஸ் சிட்’, தேவைப்பட்டால் மட்டும்

கடைசியாக இருப்பதைப் பாருங்கள். ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றதும் பலருக்கும் கடலில் மூழ்கும் கப்பலின் அபாயக் குறிதான் நினைவுக்கு வரும். “ஏதோ அவசர மாத்திரை போல, தவறாம போட்டுடணும்” என்று எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. உண்மையில் டாக்டர் சொன்னது, வலி இருந்தால் மட்டும் போடு, இல்லையென்றால் வேண்டாம் என்று.

‘ஓ.டி.’யிலும் சிக்கல் உண்டு. பொதுவான சீட்டில் அது தினமும் ஒரு வேளை. கண் டாக்டரின் சீட்டில் அதே இரண்டு எழுத்து ‘ஓகுலுஸ் டெக்ஸ்டெர்’, வலது கண். தினமும் ஒரு தடவையா, வலது கண்ணிலா என்பது எழுத்தை மட்டும் பார்த்தால் தெரியாது.

இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் ‘ஜாயின்ட் கமிஷன்’ என்ற அமைப்பு, 2004-ல் பயன்படுத்தவே கூடாத சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. தினமும் ஒரு வேளை என்ற பொருள்தரும் ‘கியூ.டி.’ என்ற லத்தீன் சுருக்கம் அதில் இடம்பெற்றது. கையெழுத்து கொஞ்சம் மோசமாக இருந்தால் அதை ‘கியூ.ஐ.டி.’ என்று, அதாவது தினமும் நான்கு வேளை என்று படித்துவிடலாம். ஒரு வேளை மாத்திரை நான்கு வேளை ஆனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக ‘தினமும்’ என்று முழுச் சொல்லாகவே எழுதுங்கள் என்றது அந்த அமைப்பு.

இந்தியாவில் மருந்தின் பெயரைத் தெளிவாகவும், இயன்றவரை பெரிய எழுத்துகளிலும் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016-ல் விதியைத் திருத்தியது. பல டாக்டர்கள் ‘1-0-1’ என்று காலை, மதியம், இரவுக் கணக்காகவே எழுதிவிடுகிறார்கள். அது யாருக்கும் புரியும்.

சீட்டு புரியவில்லை என்றால் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. “எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, எத்தனை நாள்?” என்ற மூன்று கேள்விகளை டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டு, அட்டையின் மேலேயே தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் தனியாக இருக்கும் அப்பா, அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பவர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

கோர்ட்டில் காதில் விழும் லத்தீன்

‘அஃபிடவிட்’ என்றால் ‘சத்தியம் செய்துள்ளார்’. ‘அலிபி’ என்றால் ‘வேறிடத்தில்’, சம்பவ நேரத்தில் நான் அங்கே இல்லை என்ற வாதம். ‘கேவியட்’ என்றால் ‘அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்’, என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்கூட்டிய மனு. ‘சூவோ மோட்டு’வைத் தமிழ் நாளிதழ்கள் ‘தாமாக முன்வந்து’ என்று அழகாக மாற்றிவிட்டன.

நம்ம ஊரில் சர்வசாதாரணமாகப் புழங்கும் ஒன்று, ‘எக்ஸ்பார்ட்டி’. “கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு” என்பார்கள். லத்தீனில் ‘எக்ஸ் பார்ட்டே’ என்றால் ஒரு தரப்பிலிருந்து. சிவில் வழக்கில் சம்மன் வந்தும் நீங்கள் ஆஜராகவில்லை என்றால், எதிர்த்தரப்பை மட்டும் கேட்டு கோர்ட் தீர்ப்பு சொல்லிவிடலாம். அதை ரத்து செய்யக் கேட்டு மனு போட 30 நாள்தான் அவகாசம். சம்மன் முறையாகக் கிடைக்கவில்லை என்றால், தீர்ப்பு பற்றித் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்கு தொடங்கும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கவும் வழி உண்டு, ஆனால் அதை ஏற்பது கோர்ட்டின் முடிவு. சொல் புரியாமல் “ஏதோ பார்ட்டின்னு போட்டிருக்கு” என்று காகிதத்தை அலமாரியில் வைத்தவருக்கு வீடோ நிலமோ கைமாறிப் போகலாம்.

புரியாத மொழிக்கு எதிரான சட்டம்

இந்தச் சிக்கல் இங்கிலாந்து மக்களுக்கும் இருந்தது. 1362-ல், வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது, பதிவுகளும் லத்தீனிலேயே தொடர்ந்தன. 1731-ல் நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. தன் மேல் என்ன குற்றச்சாட்டு இருக்கிறது என்பதே புரியாமல் மக்கள் தவிக்கிறார்கள் என்பதுதான் காரணம். 1733 முதல் கோர்ட் பதிவுகள் ஆங்கிலத்துக்கு மாறின. அப்போதும் சொற்கள் ஒட்டிக்கொண்டே இருந்தன. 1999-ல் சிவில் வழக்கு விதிகளைத் திருத்தியபோதுதான் அங்கே ‘எக்ஸ் பார்ட்டே’ போய் ‘முன்னறிவிப்பு இல்லாமல்’ என்பதும், ‘சப்போனா’ போய் ‘சாட்சிக்கு அழைப்பு’ என்பதும் வந்தன.

அறிவியலும் இதே பாதையில் வந்தது. நியூட்டன் 1687-ல் வெளியிட்ட ‘பிரின்சிபியா’ லத்தீனில் இருக்கிறது. 1704-ல் ஒளியைப் பற்றி எழுதிய நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. புதிய தாவரத்தைக் கண்டுபிடித்தால் அதன் விவரத்தை லத்தீனில் எழுத வேண்டும் என்ற விதி மட்டும் 2011 முடியும் வரை இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம்.

லத்தீன் தெரிந்தால் லாபம் என்பதற்கும் சமீபகால உதாரணம் உண்டு. 2013 பிப்ரவரி 11 அன்று வாடிகனில் போப் 16-ம் பெனடிக்ட் ஒரு வழக்கமான கூட்டத்தில் லத்தீனில் பேசினார். பதவி விலகப் போகிறேன் என்று அதில் சொன்னார். இத்தாலியின் அன்சா செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த ஜொவான்னா கிர்ரிக்கு லத்தீன் தெரியும். சுமார் 600 ஆண்டுகளில் நடக்காத அந்தப் பதவி விலகலை முதலில் உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான்.

இரண்டு சொல், ஒரு உயிர்

எல்லா லத்தீன் சட்டச் சொற்களிலும் நமக்கு மிக நெருக்கமானது ‘ஹேபியஸ் கார்பஸ்’. சட்ட வழக்கில் அதன் பொருள், ‘உடலைக் கொண்டு வர வேண்டும்’. ஒருவரைப் பிடித்து வைத்திருப்பவருக்கு, அந்த ஆளை நீதிபதி முன் நிறுத்து, எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறாய் என்று சொல் எனக் கோர்ட் இடும் கட்டளை. இந்திய அரசியல் சாசனத்தின் 32-வது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திலும், 226-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்திலும் இதைக் கேட்கலாம். பிடிபட்டவரே வர வேண்டியதில்லை, அவருக்காக உறவினரோ நண்பரோ மனு போடலாம்.

இந்த இரண்டு சொல்லின் எடை நெருக்கடி நிலையின்போது தெரிந்தது. விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் இந்த மனுவைப் போட முடியுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1976 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் முடியாது என்றார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்று 1978-ல் 44-வது திருத்தம் வந்தது. 1976 தீர்ப்பு தவறு என்று 2017-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

தமிழில் இதற்கு ‘ஆட்கொணர்வு மனு’ என்று பெயர். ஆள், கொணர்வு. லத்தீனில் இருக்கும் அதே இரண்டு சொல், அதே பொருள். மகனை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாமல் வக்கீல் ஆபீஸ் வாசலில் நிற்கும் ஒரு தாய்க்கு ‘ஹேபியஸ் கார்பஸ்’ என்று சொன்னால் வக்கீலின் முகத்தைத்தான் பார்ப்பார். “ஆட்கொணர்வு மனு போடலாம்மா” என்றால், பிள்ளையைக் கொண்டுவந்து கண்ணில் காட்டச் சொல்லிக் கேட்கப்போகிறோம் என்பது அவருக்கே புரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அடுத்த கேள்வியையும் அவரே கேட்பார்.